அப்ரூவல் இல்லாமல் அச்சுக்குப் போகாதவர்

தம்பியைக் குடியிலிருந்து வெளியே இழுத்துப் போடுவதற்காகப் படம் வரைந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று, சர்ச்சில் ஜெபம் பண்ணியாயிற்று, குடியை விடுவதற்குக் கயிறு கட்டுகிற கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போய் வந்தாயிற்று. கடைசியில் அவர் கையில் மிஞ்சியது ஒரு பேனாவும் ஒரு புட்டி கறுப்பு மையும்தான். அதை வைத்துக்கொண்டு அவனைக் காப்பாற்றிவிடலாம் என்று அவர் நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வேறு வழி சொல்லவும் தெரியாததால் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் எங்கள் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அவர் அதே கம்பெனியில் பிரிண்ட் ஆர்ட்டிஸ்ட். குழந்தைகள் பனியனில் வரும் கரடி, டைனோசர், ராக்கெட் எல்லாம் அவர் கைவண்ணம். அது சம்பளத்துக்கு. மற்றபடி அவர் சொந்தமாகப் படக்கதை போடுகிறவர். எந்தப் பத்திரிகையிலும் இல்லை. தானே எழுதி, தானே வரைந்து, தெரிந்த அச்சகத்தில் ஒல்லி ஒல்லியான புத்தகங்களாகப் போட்டு, புத்தகக் கண்காட்சியில் யாருடைய ஸ்டாலிலாவது ஓரமாக வைத்து விற்பார். கேட்கிறவர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவரை "இண்டிபென்டன்ட் கார்ட்டூனிஸ்ட்" என்று யாரோ அறிமுகப்படுத்தியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"யாரும் சேத்துக்கிடல, அதான் இண்டிபென்டன்ட்" என்றார்.

கோவில்பட்டிப் பக்கம். அப்பா அம்மா போன பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவர். எத்தனையோ வருஷம் எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்தும் அவர் பேச்சில் ஒரு சொல்கூட மாறவில்லை. நான் பேசுகிற கொங்குத் தமிழைக் கேட்டு, "நீங்க திட்டுனாக்கூட விருந்துக்குக் கூப்புடுத மாதிரில்லா இருக்கு" என்று கிண்டல் பண்ணுவார். நான் குன்னத்தூர்க்காரன். எங்களுக்குத் திட்டத் தெரியாது என்று யார் சொன்னது?

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. தான் வரைந்த ஆளிடம் படத்தைக் காட்டி, அந்த ஆள் பக்கத்தின் பின்புறம் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவர் அச்சுக்கு அனுப்புவார். அது எங்கள் தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். இங்கே ஒரு சட்டைப் பித்தான் மாறினாலும் சாம்பிள் தைத்து அனுப்ப வேண்டும். கழுத்து அகலம், கை நீளம், கலர் மங்கல் என்று பையர் கமென்ட் எழுதி அனுப்புவான். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அவன் "அப்ரூவ்ட்" என்று சொல்கிற வரைக்கும் ஒரு மிஷினும் ஓடாது. அப்ரூவல் வராமல் துணியை வெட்டிவிட்டால் நடுத்தெருவுக்கு வந்துவிட வேண்டியதுதான்.

"கரடிக்கு வாய் இன்னுங் கொஞ்சம் சிரிக்கணும்னு மெயில் மேல மெயில் போடுதாக சார்" என்றார் ஒருநாள். "ஒரு கரடியப் பனியன்ல போடுததுக்கே இத்தன பேரு சரி சொல்லணும். மனுசனப் புஸ்தகத்துல போடுததுக்கு அந்த மனுசன ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?"

கேட்டார். எல்லோரையும் கேட்டார். கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். திருமுருகன்பூண்டியில் சாமி சிலை செதுக்குகிற பட்டறை ஒன்றில் ஒரு சிற்பி மத்தியானம் பாதி முடிந்த சிலையின் நிழலில் படுத்துத் தூங்குவதைப் பார்த்து ஒரு கதை போட்டிருந்தார். அவர் போட்டதிலேயே எனக்குப் பிடித்த கதை அதுதான். பைக்கில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சிற்பி படங்களை வாங்கிப் பார்த்தார், சிரித்தார், பக்கத்தில் இருந்தவரிடமும் காட்டினார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நல்லாத்தானுங்க இருக்குது அம்மிணி. ஆனா ஓனரு பாத்தா என்னாகறதுங்க? நான் வேலைக்கு வந்து தூங்கறேன்னுல்ல ஆயிப்போகும். வேண்டாங்க."

அவ்வளவுதான். மாதக்கணக்கில் வரைந்த கதை அலமாரிக்குள் போய்விட்டது. திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க அக்கா, மீசையக் கொஞ்சம் மாத்தி, மண்டைல முடியக் கொறச்சுப் போட்டா யாருன்னு தெரியவாங்க போகுது?"

"மீசைய மாத்திட்டா அவரு தூங்கலன்னு ஆயிருமா சார்?"

இன்னொரு கதை முழுவதும் கால்கள். தையல் மிஷின்களுக்குக் கீழே தெரிகிற பெண்களின் கால்கள் மட்டும். முகமே கிடையாது. அதற்கும் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கினார். புத்தகம் அச்சாகி வந்த பிறகு எங்கள் லைனில் தைக்கிற ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள். பெடல் மிதிக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று அவள் மெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் உட்காருவாள். படத்தில் இருக்கிற கால் மருமகளுடையது என்று மாமியார் கண்டுபிடித்துவிட்டார். புருஷன் உசிரோடு இருக்கையில் மெட்டியைக் கழற்றினாளா என்று வீட்டில் ரகளை.

"தெரியாம சரீன்னு எழுதிப்போட்டனுங்க அக்கா. அதை எடுத்துப்போடுங்க."

இவர் கட்டிங் செக்‌ஷனில் ஒரு பிளேடு வாங்கிவந்து, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, விற்காமல் இருந்த அத்தனை பிரதிகளிலிருந்தும் அந்தத் தாளை வெட்டி எடுத்தார். அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் நடுவே ஒரு தாளின் அடிக்கட்டை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பைண்டிங் கோளாறு என்று நினைத்துச் சிலர் திருப்பி அனுப்பினார்கள்.

படக்கதையைப் போலவே அவருடைய புத்தகங்களின் கடைசிப் பக்கமும் பெயர் போனது. "வாசிக்கச் சொல்கிறேன்" என்று தலைப்பு. தான் படித்ததில் மற்றவர்களும் படிக்க வேண்டியதைச் சொல்கிற பக்கம். எனக்கும் படிப்புக்கும் ஏழாம் பொருத்தம், ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் விடமாட்டேன். ஒரு சிறுகதைத் தொகுப்பைச் சொல்லிவிட்டு, "கடைசிக் கதையைச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசிக்கவும், பின்னால் வாசித்தால் செரிக்காது" என்று எழுதுவார். வடக்கே ஒரு பெண் போட்ட படக்கதைக்கு, "இதில் எழுத்தே இல்லை, ஹிந்தி தெரியாது என்று தப்பிக்க முடியாது" என்று எழுதுவார். புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒருமுறை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஆள்தேவை நோட்டீஸ்களை வாசிக்கச் சொல்லியிருந்தார். "குடிப்பழக்கம் இல்லாத ஓவர்லாக் டெய்லர் தேவை என்று ஒன்று இருக்கிறது. நின்று வாசியுங்கள். அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது."

அந்தக் குடும்பம் அவருடையதுதான். தம்பி பனியன் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். குடிக்காத நாளில் அவன் கைக்குத் துணி எடுத்துக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். அவ்வளவு வேகம். குடிக்காத நாள் குறைந்துகொண்டே வந்தது.

அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. அதுதான் கஷ்டமே. சண்டை போட மாட்டான், கெட்ட வார்த்தை பேச மாட்டான், குடித்துவிட்டு வந்தால் சத்தம் போடாமல் சுவரோரம் படுத்துக்கொள்வான். அவன் வாயிலிருந்து "வேண்டாம்" என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. டீ குடிக்கலாமா என்றால் சரி. ஓவர்டைம் நிற்கிறாயா என்றால் சரி. கடைக்குப் போகலாமா என்றால் அதற்கும் சரி. "இனிமே உங்ககூட இருக்க முடியாது, நான் எங்கம்மா வீட்டுக்குப் போகட்டுமா?" என்று பொண்டாட்டி கேட்டபோதும் சரி என்றானாம். அவள் போய்விட்டாள். கயிறு கட்டுகிற கோயிலில் பூசாரி, "இனிக் குடிக்க மாட்டேன்னு சொல்லு" என்றதற்கும் சட்டென்று சரி என்று சொல்லிக் கையை நீட்டினான். கடைக்குப் போனால் அந்தக் கயிற்றை மரியாதையாக அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் குடிப்பான். சாமி மேல் சாராயம் படக்கூடாதாம்.

இப்படிப்பட்டவனை அடித்துத் திருத்த முடியுமா? கெஞ்சித் திருத்த முடியுமா? அக்கா எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டார். ஒருநாள் அவன் தன்னையே வெளியே நின்று பார்த்தால் கூசிப்போய் விட்டுவிடுவான் என்று ஒரு எண்ணம் அவருக்கு வந்தது. வரைய ஆரம்பித்தார். தொடரின் பெயர் "சரி". கயிற்றை அவிழ்த்துப் பையில் வைக்கிற கதைதான் முதல் புத்தகம். இரண்டாவதில் அவன் தன் வீட்டுக் கதவு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வீட்டுக்காரர் "உள்ள வர்றீங்களா?" என்று கேட்க, சரி என்று உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறான். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கடைசிப் படத்தில் அப்படியே உறைந்து போவோம். அதில் ஒன்றும் இருக்காது. அக்கா தன் வீட்டு வாசலில் இரண்டு தட்டோடு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தம்பியிடம் அப்ரூவல் வாங்கினார். காலையில் அவன் எழுந்து முகம் கழுவியதும் கொண்டுபோய் நீட்டுவார். கூசிப்போவான், கோபப்படுவான், கிழித்துப்போடுவான் என்று எதிர்பார்த்துத்தான் நீட்டினார். அவன் ரசித்துப் பார்த்தான்.

"எக்கா, மூக்க மட்டும் கொஞ்சம் பெருசாப் போட்டுட்ட" என்பான். அப்புறம் பின்னால் திருப்பிச் "சரி" என்று எழுதிவிடுவான்.

அந்தத் தொடரைத்தான் ஜனங்கள் தேடிப் பிடித்து வாங்கினார்கள். எங்கெங்கோ இருந்து கடிதம் வந்தது. எங்கள் அப்பாவைப் பற்றி எழுதியது போல இருக்கிறது, எங்கள் அண்ணனை எப்படிப் பார்த்தீர்கள் என்றெல்லாம் எழுதினார்கள். அவர் அதை வாசித்துவிட்டு மடித்து வைப்பார். சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஊரில் இருக்கிற குடிகாரர்களின் வீட்டுக்கெல்லாம் ஆறுதல் போய்ச் சேர்ந்தது, அவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்டிக் கிடந்தது. என்னவென்று கேட்டேன்.

"நேத்து அவன் சந்தோசமா வந்து சொல்லுதான் சார். 'எக்கா, ஒம் புக்குக்கு நல்ல மதிப்புக்கா. கடையில காட்டுனாப் போதும், இந்த ஆளு நாந்தான்னு சொன்னா எனக்கு யாராச்சும் வாங்கித் தந்துருதாங்க'ன்னு."

நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் வரைஞ்சு வரைஞ்சு அவனுக்கு ஊத்திக் குடுத்துருக்கேன் சார். என் கையாலயே ஊத்திருக்கேன்."

சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தார். விரல் நுனியில் எப்போதும் போலக் கறுப்பு மை. அன்றைக்கே தொடரை நிறுத்திவிட்டார். அவன்தான் "அடுத்த புக்கு எப்பக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு அவனுக்கு வயிறு வீங்கியது. கண் மஞ்சளானது. ஒருநாள் மிஷினிலேயே ரத்தமாக வாந்தி எடுத்து, தைத்துக்கொண்டிருந்த துணியெல்லாம் நாசமாகி, அங்கிருந்து ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தான். டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிடவில்லை, அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்: இனிமேல் தொட்டால் கூட்டிக்கொண்டு வராதீர்கள், வந்தாலும் நான் ஒன்றும் செய்ய முடியாது. அவன் சரி என்றான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டே அவர் இன்னொரு சின்ன புத்தகம் போட்டார். படங்கள் கொஞ்சம்தான், வார்டு ஜன்னலும் டிரிப் பாட்டிலும். கடைசிப் பக்கத்தில் வாசிக்கச் சொன்னது மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற தாளை. "எழுத்து பொடி. கதை பெரிது. பக்கவிளைவுகள் என்ற அத்தியாயத்தைத் தாண்டிப் போகாதீர்கள்." அதற்குக் கீழே, கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்: "நமக்குத் தெரிந்தவரைப் பற்றியது என்பதால் நடுநிலையோடு வாசிக்க முடியவில்லை." அதைப் படித்து நான் சிரித்தேன், சிரித்த வாயை அப்படியே பொத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் குடிக்கவில்லை. உண்மையாகவே குடிக்கவில்லை. சம்பளம் வாங்குகிற சனிக்கிழமைகளில் அக்கா கம்பெனி கேட்டிலேயே நின்று அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார். ஆனால் எத்தனை சனிக்கிழமை அப்படி நிற்க முடியும்? யாராவது ஒருவன் வந்து, வா போகலாம் என்று தோளில் கை போட்டால் போதும். அவன் சரி என்று சொல்லிவிடுவான். அந்த ஒரு சொல்லுக்கும் அவன் சாவுக்கும் நடுவில் வேறு ஒன்றுமே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கம்பெனிக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் வைத்துத்தான் என்னிடம் சொன்னார்.

"இன்னும் ஒரே ஒரு பக்கம் வரைஞ்சுருக்கேன் சார். அவஞ் செத்துக் கிடக்க மாதிரி."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். "என்னங்க அக்கா இது! அபசகுனமா?"

"அபசகுனந்தான். அதக் கொண்டுபோய் அப்ரூவலுக்குக் காட்டப்போறேன். எந்த மனுசனும் அதுக்குச் சரின்னு சொல்ல மாட்டாம்லா? வேண்டாம்பான். வேண்டாம்னு ஒரே ஒரு தடவ அவன் வாயிலருந்து வந்துட்டாப் போதும் சார். ஒரு தடவ சொல்லப் பழகிட்டா அப்புறம் எவன் வந்து கூப்புட்டாலும் சொல்லிருவான்."

நான் தடுக்கப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தால் நானே தடுப்பதை நிறுத்திவிடத் தோன்றியது. எல்லாக் கதவையும் தட்டிவிட்டு மிச்சமிருக்கும் ஒரு கதவின் முன்னால் நிற்கிற ஆளிடம் என்ன பேசுவது? "ஞாயித்துக்கெழம நீங்களும் வாங்க சார், எனக்குத் தனியாக் காட்ட தைரியம் இல்ல" என்றார். போனேன்.

பூண்டிக்குப் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி, வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்று. காலை வெயில் வாசல்வரைக்கும் வந்திருந்தது. தம்பி பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான், ஆனால் கண் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னான். அக்கா அவன் பக்கத்தில் போய், குனிந்து, கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி வைத்தார். தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு அட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். அதே வாசல். வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டி, அதைச் சுற்றிச் சீரியல் லைட். பிளாஸ்டிக் நாற்காலிகளில் கம்பெனி ஆட்கள், ஒருத்தன் செல்போனில் மணி பார்க்கிறான். பெட்டிக்குத் தலைமாட்டில் அக்கா. கண்ணாடிக்குள்ளே அவன் முகம். அவர் வரைந்த முகங்களிலேயே அவ்வளவு பொறுமையாக வரைந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை.

அவன் தாளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான். முதலில் சிரித்தான்.

"எக்கா, சூப்பர்வைசர் அண்ணனப் போட்டுருக்க! அவரு வரமாட்டாருக்கா, ஷிப்மென்ட் இருக்கும். சேரு இவ்வளவு வேண்டாம், ஆளு தேறாது."

இதோ, "வேண்டாம்" என்று சொல்லிவிட்டான் என்று எனக்கு நெஞ்சு ஒருமுறை துள்ளியது. ஆனால் அது நாற்காலியைச் சொன்னது. அக்கா அசையாமல் நின்றார். அவன் விரலை நகர்த்திக்கொண்டே போய் பெட்டிக்குள் இருந்த முகத்துக்கு வந்தான். அங்கே நின்றுவிட்டான். சிரிப்பு போய்விட்டது. வெகுநேரம் பார்த்தான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது, ஜெபம்தான் பண்ணியிருப்பார்.

"நல்லா வந்துருக்குக்கா" என்றான் அவன், மெதுவாக. "மூக்குகூட இந்தவாட்டி சரியா இருக்கு. நிம்மதியாத் தூங்குத மாதிரி இருக்கு."

கையை நீட்டினான், பேனாவுக்கு.

அக்கா கொஞ்சம் குனிந்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். முத்தம் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. நிமிர்ந்து பேனாவைக் கொடுத்தார். அவன் தாளைத் திருப்பி, தொடையில் வைத்து எழுதினான். நிறுத்தி, அழகாக எழுதினான்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது போல இருந்தது. அப்படியே மண்டியிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏல, வேண்டாம்னு சொல்லுல. இது வேண்டாம்க்கான்னு சொல்லு. குறுக்க கோடு போட்டு அடிச்சுப் போட்டுருல. கிழிச்சுப் போட்டுருல!"

"எதுக்குக்கா? நல்லாத்தான இருக்கு."

"ரிஜெக்ட் பண்ணுல! ஒரு தடவ பண்ணுல, எனக்காகப் பண்ணுல!"

அவன் திகைத்துப் போய் என்னைப் பார்த்தான். பிறகு அக்காவின் முதுகைத் தட்டிக் கொடுத்தான், பயந்த பிள்ளையைத் தட்டுவது போல.

"நான் என்னைக்குக்கா ஒன் படத்த வேண்டாம்னுருக்கேன்?" என்றான்.

தீபாவளிக்கு போனஸ் போட்டார்கள். போனஸ் போட்ட மறுநாள் திருப்பூரே காலியாகிவிடும், தெற்கத்தி ஆட்கள் அத்தனை பேரும் பஸ் ஏறிவிடுவார்கள். ஊருக்குப் போவதற்கு முன்னால் கூட்டாளிகள் அவனை வந்து கூப்பிட்டிருக்கிறார்கள், ஒரே ஒரு பீர், எங்களோடு சும்மா உட்காரு என்று. அக்கா அப்போது கம்பெனியில் கடைசி நேரக் கரடி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். தீபாவளி கழிந்து ஊருக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் அவன் கதை முடிந்துவிட்டது. பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு நடுவே, பெட்டிக்குப் பக்கத்தில் அக்காவும் நானும் ஒடிசாக்காரப் பையன்கள் சிலரும் நின்றோம். அவர்களுக்கு அவன் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. சாவு என்று வந்து நின்றார்கள்.

அதன் பிறகு அவர் ஒரே ஒரு புத்தகம்தான் போட்டார். புத்தகம் என்று சொல்லக்கூடாது, ஒற்றைத் தாள். படம் இல்லை. "வாசிக்கச் சொல்கிறேன்" மட்டும் இருந்தது. "இந்த முறை சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தது எதையாவது சொல்லுங்கள், நான் வாசிக்கிறேன்." எத்தனையோ பேர் எத்தனையோ புத்தகம் சொல்லி எழுதினார்கள். சிலர் "சரி" தொடரின் கடைசிப் புத்தகம் எப்போது வரும் என்றும் கேட்டிருந்தார்கள்.

இப்போது அவர் இந்தக் கம்பெனியில் இல்லை. விட்டுப் போவதற்கு முந்தின வாரம் அவர் ஆபீஸ் மேஜையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தபோது நான் கூட நின்று அட்டைப்பெட்டி கட்டிக் கொடுத்தேன். அந்தக் குளிர்பெட்டிப் பக்கம் மேலாகவே இருந்தது, பின்புறம் தெரிய. ஒரு பிசிறு இல்லாமல் அவன் கையெழுத்து. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எதையாவது சொல்லி அவரை அதிலிருந்து மீட்டுவிட வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அதை மனசுல வெச்சுக்காதீங்க. அன்னைக்கு அவரு நெதானத்துலயே இருந்திருக்க மாட்டாருங்க. நமக்குத் தெரியாம எங்கியாச்சும் போய் ஊத்தீட்டு வந்திருப்பாருங்க. குடிச்சுப்போட்டு எழுதுனதெல்லாம் ஒரு கையெழுத்துங்களா?"

அவர் தாளை மற்ற தாள்களுக்கு அடியில் வைத்தார்.

"மோந்து பாத்துட்டுத்தான சார் பேனாவக் குடுத்தேன்" என்றார்.